கேட்கப்படாத இரண்டாவது கேள்வி

நூரைன் 180 என்று அடித்து என்டரைத் தட்டினாள்.

'கனமழை. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்' என்று திரையில் வந்தது.

வந்திருக்க வேண்டியது இது இல்லை. 'மண் சரியலாம். உடனே வீட்டைவிட்டு வெளியேறுங்கள்' என்று வந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு பெய்தது 180 மில்லிமீட்டர். மலையடித் தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு போன்களுக்கு இந்தத் தப்பான செய்திதான் போனது. அதை நம்பி உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் மண்ணுக்குள் போனார்கள்.

மழையை அளந்து தானாகவே போன்களுக்குச் செய்தி அனுப்பும் மழைமானிக்கு சி மொழியில் நிரல் எழுதியது அவள். மழை ஐம்பதுக்கு மேலா என்று முதல் இஃப் கேட்கும். நூற்றைம்பதுக்கு மேலா என்று அதற்குக் கீழே எல்ஸ் இஃப் கேட்கும். முதல் கேள்விக்கே ஆமாம் என்றாகிவிட்டால் கணினி அடுத்ததைக் கேட்காது. நூற்று எண்பதும் ஐம்பதுக்கு மேல்தானே.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மழைமானிப் பெட்டியை மாட்டியாக வேண்டும் என்று அவசரம். அறுபதைப் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது, டீ குடிக்கப் போய்விட்டாள். படித்த முட்டாள்.

விசாரணைக்காக நிரலை வாங்கிப்போக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து புகழேந்தி என்ற அதிகாரி வந்து வெளி அறையில் உட்கார்ந்திருந்தார்.

கூட வேலை செய்யும் இனியன் கதவைச் சாத்தினான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ரெண்டு கேள்வியையும் மேல கீழ மாத்திக் குடுத்துடு நூரைன். பெட்டிதான் மண்ணோட போயிடுச்சே, அது மழைய கம்மியா காட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம். இல்லன்னா ஜெயிலுக்குத்தான் போவணும்."

அவளுக்குப் பயமாக இருந்தது. மாற்றினாள். பெரிய கேள்வி மேலே, சின்னது கீழே.

மறுபடி 180. 'உடனே வீட்டைவிட்டு வெளியேறுங்கள்.' கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

யார் யாருக்குச் செய்தி போனது என்ற பட்டியலையும் புகழேந்தி கேட்டிருந்தார். திறந்தாள். எண், பெயர், நேரம், பதில். மிஷின் அனுப்பும் செய்திக்கு யார் பதில் போடுவார்கள்? பதில் கட்டமெல்லாம் காலியாகவே வந்தது.

நூற்று நாலாவது வரியில் மட்டும் ஒன்று இருந்தது. முன்னி பேகம், மாலை 4.12. மண்ணுக்குள் போன ஐந்து பேரில் ஒருத்தி. மகளே உட்கார்ந்து அனுப்புகிறாள் என்று நினைத்திருக்கிறாள் அம்மா.

'சரி நூரைன். பக்கத்து வீட்ல எல்லாரும் கல்யாண மண்டபத்துல தங்கப் போறாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. நீ சொன்னதால நான் போவல. உள்ளதான் இருக்கேன்.'

நூரைன் இரண்டு கேள்விகளையும் பழைய இடத்திலேயே வைத்தாள். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.