மாமி கேட்ட கேள்வி

“மொத்தத்தையும் அளக்காம, அங்கொண்ணு இங்கொண்ணாப் பொறுக்கி எடுத்துட்டு, முழு உருவம் இதுதான்னு சொல்லுதியே, எவன் நம்புவான்?”

விளமீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே பேபி கேட்டாள். அடுக்களை வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மருமகள் ஜெஸ்லின் நிமிர்ந்தாள்.

“வேற வழி இல்ல மாமி. கடல் நத்தை விஷத்துலேருந்து எடுத்த புரதம் அது. அதோட உருவத்தைப் பாக்கிற என்.எம்.ஆர். மிஷினுக்குள்ள வச்ச சில நாள்லயே கெட்டுப்போயிரும். எல்லாப் புள்ளியையும் அளக்கணும்னா மாசக்கணக்காகும். அதான், கொஞ்சத்தை அளந்துட்டு மிச்சத்தைக் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுருதோம்.”

“அது இஷ்டத்துக்கு எதையாவது வரைஞ்சு வச்சிட்டா?”

“கடல் பூராவுமா முத்துச்சிப்பி கிடக்கு? அடியில பாறைத்திட்டா பார் இருக்கிற இடத்துல மட்டுந்தான? இதுவும் அப்படித்தான். பெரும்பாலும் வெறும் இடம், அங்கங்க மலை மாதிரி எழும்பி நிக்கிற சில சிகரம். அது முன்னாடியே தெரியிறதால, கொஞ்சம் அளந்தாலே சிகரம் எங்கன்னு பிடிச்சிரலாம்.”

“சரி, எடுக்கதை ஒழுங்கா, ஒண்ணுவிட்டு ஒண்ணு எடுத்தா என்ன? ஏன் கண்டபடி எடுக்கணும்?”

ஜெஸ்லினுக்குச் சுருக்கென்றது. கல்லூரிக் கருத்தரங்கில் அவளைக் கவிழ்த்த கேள்வி அது. முன்வரிசைப் பேராசிரியர் கேட்டதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் தெரியும், வார்த்தைதான் வரவில்லை. அன்றிலிருந்து, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவாவை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. மீன் கையோடு மாமி கேட்கும்போது மட்டும் அந்தப் பயம் எங்கே போகுமோ தெரியாது.

“சினிமாவுல வண்டி முன்னால போகும், சக்கரம் பின்னால சுத்தும், பாத்திருக்கீங்களா? கேமரா சீரான இடைவெளியில எடுக்கதால வார பொய் அது. அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கும். தாறுமாறா எடுத்தா அந்தப் பொய் ஒரு உருவமா நிக்காது. இரைச்சலாச் சிதறிப்போயிரும்.”

“அப்படிப் போடு!” என்றாள் பேபி.

அதற்குள் போன் அடித்தது. கப்பலில் வேலைபார்க்கும் அவள் கணவன் ரெக்சன். “சாப்ட்டியா? உடம்பைப் பாத்துக்க. அம்மாட்ட குடு” என்று அவன் ஜெஸ்லினிடம் பேசியது அவ்வளவுதான்.

“உங்க மவனுக்கு நான் என்ன படிக்கேன்னாவது தெரியுமா மாமி? கருத்தரங்கு முடிஞ்ச அன்னைக்கு ஒரு தடவை கேட்டாக. நான் அழுதேன். அதோட சரி.”

“இஞ்சின் ரூமை விட்டா அவனுக்கு என்னளா தெரியும்?” என்றபடி பேபி போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, பேபி ஆப்பத்தைத் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ராத்திரி பூரா யோசிச்சேன் ஜெஸ்லின். ரொம்பச் சின்னச் சிகரம் ஒண்ணு நிஜமாவே இருந்து, உன் கம்ப்யூட்டர் அதை இரைச்சல்னு தள்ளிட்டா என்ன செய்வ?”

ஜெஸ்லின் ஆப்பத்தைத் தொடவில்லை. ஆய்வேட்டில் அவள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் அது. பகல் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அடுக்களைக்கு ஓடிவந்தாள்.

“மாமி! அளந்ததுலயே வேற வேற புள்ளிகளைக் கழிச்சுட்டு, திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். நிஜமான சிகரம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அதே இடத்துல நிக்கு. பொய்தான் இடம் மாறுது!”

பேபி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் வைவா. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்தச் சின்னச் சிகரத்தில்தான் வந்து நின்றார். ஜெஸ்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே மாமி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். முடித்தபோது அவர் எழுந்து கைகொடுத்தார்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் உள்ளே ஓடி மாமியாரைக் கட்டிக்கொண்டாள். “டாக்டர் ஆயிட்டேன் மாமி! நீங்க கேட்ட அதே கேள்வி! உங்களுக்கு எப்படித்தான் தோணிச்சோ!”

“எனக்கு எங்கேளா தோணிச்சு? உன் தீசிஸைக் கப்பலுக்குக் கொண்டுபோய் வரி விடாமப் படிச்சவன் உன் புருஷன். ‘நான் கேட்டா பயந்து அழுதுருவா, நீங்க கேளுங்கம்மா’ன்னு அவன் தினமும் சொல்லித் தந்ததைத்தான் நான் ஒப்பிச்சேன்.”

ஜெஸ்லினின் கண்கள் நிறைந்தன. “அப்போ நான் சொன்ன பதிலெல்லாம்?”

“அதையும் அன்னன்னைக்கே அவன்ட்ட ஒப்பிச்சிருவேன். ‘இனிமே கேக்க எனக்கே ஒண்ணும் இல்லம்மா, அவ பாஸ்’னு நேத்தே சொல்லிட்டான்.”