மீன்தொட்டிக்கு அடியில்

“இன்னிக்கும் தண்ணி நிக்குது. யார் பார்த்த வேலை இது?”

நனைந்த காலுறையோடு மீன்தொட்டிக்கு முன்னால் நின்று கேட்டான் கணவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாளெல்லாம் அடுத்தவர் தப்பைச் சொல்லியே பழகிய வாய் அது.

மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் பழைய துண்டை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள்.

பத்து நாளாக இதே கூத்து. முதலில் கால்மிதி போட்டார்கள். அது ஊறி நாற்றமெடுத்தது. பிறகு, தரையில் கிடந்த மின் இணைப்புப் பெட்டியைச் சுவரில் ஏற்றி மாட்டினார்கள். நேற்று முன்தினம் மாமனாரே வழுக்கி விழப்போய், எப்படியோ நாற்காலியைப் பிடித்துத் தப்பினார். அன்றைக்குத்தான் கணவன் கறாராகச் சொல்லிவிட்டான்: தொட்டியில் கோளாறு இருந்தால் சரிசெய்யலாம், கையில் கோளாறு என்றால் தொட்டியை மீனோடு யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

சிந்துவது யார் கை என்று அவள் கணக்குப் போட்டாள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது அவள்; குறைந்ததை நிரப்புவது கணவன். தினமும் தீனி போடுவதும், சிறு வலையால் எச்சத்தை அள்ளுவதும் மாமனார். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் மயிரிழை பிசகாமல் கோடு போட்ட கை, இப்போது அரைக் கோப்பைத் தேநீருக்கே தள்ளாடுகிறது. வலை எந்தப் பக்கம் சொட்டும் என்று சொல்லவா வேண்டும்? ஆனால் அந்த ஆறு மீன்களும் இல்லாவிட்டால் மனிதர் பொழுதை எப்படித் தள்ளுவார்?

“நான் சிந்தறதில்லம்மா,” என்று ஒருநாள் அவரே சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளுக்கும் பார்க்கத் தெம்பில்லை.

பத்து மணிக்குத் தொட்டி பழுதுபார்ப்பவர் வந்தார். மூன்று பேரையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, மெல்லிய காகிதத்தைக் கண்ணாடி விளிம்புகளில் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

“தொட்டிதான் ஒழுகுது. மூலையில பசை விட்டுப்போச்சு. சிந்தறதெல்லாம் இல்ல.”

அவளுக்கு உயிர் வந்தது. மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். கணவனோ, தொட்டிதான் என்று தனக்கு அப்போதே தெரியும், யார் தன் பேச்சைக் கேட்டார்கள் என்று ஆரம்பித்தான்.

வந்தவர் அதோடு நிற்கவில்லை. மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து, மூன்று நாளில் தருவதாகச் சொல்லித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் பின்னாலேயே ஓடிப்போய் வண்டியருகே பிடித்தாள்.

“நேத்து போன்ல நான் என்ன கேட்டேன்? ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமா மனசு நோகக் கூடாதுன்னுதானே? சொன்னீங்க, புண்ணியமாப் போச்சு. அதுக்காகத் தொட்டியையே தூக்கிட்டுப் போகணுமா?”

அவர் தொட்டியைப் பத்திரமாக உள்ளே வைத்தார்.

“உங்க மாமனாரும் பேசினாரும்மா. மருமக வேலைக்கு ஓடுற அவசரத்துல சிந்திடுது, பாவம், ஒழுகுதுன்னு சொல்லிடுங்கன்னார். காலைல உங்க வீட்டுக்காரர் பேசினார். தான் ஊத்தும்போதுதான் சிந்துது போல, வெளிய சொல்லாம ஒழுகுதுன்னே சொல்லிடுங்கன்னார்.”

வண்டிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“மூணு பேருக்காகப் பொய் சொல்லணுமேன்னு சங்கடத்தோடதான் வந்தேன். நல்லவேளை, தொட்டி நிஜமாவே ஒழுகுது.”