லோமர் நீட்டிய இடது கை

மர அறுவை மில்களில் கையை இழந்தவர்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தவர் என்பதற்காகவே சோஷலிஸ்ட் ஹென்ரிக் லோமரை அந்த ஊர் மூன்று முறை பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. மில் வாசலில் பேசுவதற்கு முன் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அவர் கைகொடுப்பார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பவரிடம் மட்டும் தன் இடது கையை நீட்டுவார். யாரையும் கூச வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"கொன்னுடுவோம்னு சுவரெல்லாம் எழுதியிருக்காங்க. இன்னிக்கு மேடையை விட்டுக் கீழே இறங்காதீங்க" என்றாள் மனைவி மார்த்தா.

"கைகொடுக்காம பேசினா, முதலாளி வந்துட்டான்னு கலைஞ்சுபோயிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

வரிசையின் நடுவில் ஒருவனுடைய வலது கை பைக்குள் இருந்தது. "புதுக் கோட்டு மாப்பிள்ளை, நீ எந்த ஷிப்டு?" என்று பின்னால் நின்றவர் சீண்டியதற்கு அவன் திரும்பவே இல்லை. அந்தப் பைத்துணி உள்ளிருந்து அசைவதை மார்த்தா பார்த்துவிட்டாள்.

"ஹென்ரிக்!"

ஊனத்தை அப்படி உற்றுப் பார்க்கலாமா என்பதுபோல லோமர் அவளைக் கண்டிப்புடன் பார்த்தார். பிறகு அவனிடம் குரலைத் தாழ்த்தி, "எந்த ரம்பத்துல கை போச்சு தம்பி? பெரிய ரம்பமா?" என்று இடது கையை நீட்டினார்.

அவன் ஒரு கணம் குழம்பினான். அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டான். பிறகு வலது கையை வெளியே எடுத்தான். அதில் ஐந்து விரல்களும் முழுசாக இருப்பதைக் கண்டு லோமரின் முகம் முதலில் மலர்ந்தது. அந்த விரல்கள் பிடித்திருந்த துப்பாக்கியை அவர் பிறகுதான் பார்த்தார்.