சூளகிரி தாண்டும் வரை

சுமலதா இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மார்கழிப் பனி. பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. ஹெட்லைட் வெளிச்சம் போன வேகத்தில் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

கோடு விலகினால் அவள் சொல்ல வேண்டும். சொன்னதும் டிரைவர் தீர்த்தகிரி ஸ்டியரிங்கை ஒடிப்பார். குந்தாரப்பள்ளியில் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து இப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்தான் அவளைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் இஞ்சினை ஒட்டியிருந்த ஒற்றை சீட்டில் உட்காரச் சொன்னார். கம்பெனியில் இரும்புப் பாகங்களின் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணாயிற்றே என்றார்.

பின்னால் முப்பத்தெட்டுப் பேர். ஷட்டர்களை இறக்கிவிட்டு, மப்ளரும் ஸ்வெட்டருமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எட்டரைக்குள் ஓசூரில் கார்டு அடிக்க வேண்டும். பத்து நாளாக விடாத பனியில் அவள் இரண்டு முறை லேட். மூன்றாவது முறையும் ஆனால் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வராது என்று சூப்பர்வைசர் வெங்கட் நேற்றுதான் சொல்லியிருந்தான். அவனும் இரண்டு சீட் தள்ளி, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் ஓடி வருவாள். யார் முணுமுணுத்தாலும் பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்தவர் தீர்த்தகிரி. ஏழு வருஷமாகக் காலை வண்டி அவருடையது. சாயங்காலத்துக்கு வேறு டிரைவர்.

வெள்ளைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது.

அவள் கத்தினாள். பஸ் வலது பக்கம் பாய்ந்தது. பின் விளக்கு இல்லாமல் நடுரோட்டில் நின்றிருந்த கிரானைட் லாரி அவள் தோளை உரசுவது போலக் கடந்து போனது. ஒரு அறை அகலத்துக்கு ஒரே கல்.

பின்னால் யாரோ தூக்கத்தில் முனகிவிட்டு அடங்கினார்கள்.

 அந்தக் குளிரிலும் தீர்த்தகிரியின் காதோரம் வேர்வை இறங்கியது.  சுமலதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கோட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

சூளகிரி தாண்டியதும் பனி விட்டுப்போனது.

பின்பக்கமிருந்து வெயில் வந்தது. தக்காளித் தோட்டங்களும் ரோஜாப் பண்ணைகளின் பாலித்தீன் கூரைகளும் தெரிந்தன. ரோடு ஒரு மைலுக்கு நேராகக் கிடந்தது.

சுமலதா சாய்ந்து உட்கார்ந்து மூச்சுவிட்டாள். மணி ஏழு ஐம்பது. இனி மிதித்துப் போனால் எட்டேகாலுக்கு கேட்டில் இருக்கலாம்.

பஸ் வேகமெடுக்கவில்லை.

தீர்த்தகிரி துணியை எடுத்து முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார். கண்ணாடியில் ஈரமே இல்லை.

"ஏன் கண்ணு நிறுத்திட்ட? சொல்லிக்கிட்டே வா."

அவள் திரும்பினாள்.

அவர் கழுத்தை நீட்டி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் பட்டு முகத்தில் விழுந்த வெயிலில், இரண்டு கண்களின் கறுப்பும் பால் கலந்தது போல இருந்தது.

சுமலதா ரோட்டைப் பார்த்தாள்.

நாலுவழி ரோட்டுக்கான வேலை நடக்கிற இடம் அது. முன்னால் தார் டிரம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம், தலையில் ஜல்லிச் சட்டியோடு ஏழெட்டுப் பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். பஸ் வருவதைப் பார்த்தும் அவசரப்படவில்லை. இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு மெதுவாக வருகிற வண்டிக்கு யார்தான் பயப்படுவார்கள்?

கத்தினால் அவர் எந்தப் பக்கம் ஒடிப்பாரோ.

 பனிக்குள் சொன்ன அதே குரலில் அவள் சொன்னாள்.

"லெப்டுல வாங்கண்ணா. இன்னும் கொஞ்சம். கோட்டத் தாண்டி மண்ணுல எறக்குங்க. மெதுவா பிரேக்கு. போதும், இங்கயே நிக்கட்டும்."

சக்கரம் மண்ணில் இறங்கியது. பஸ் ஒரு குலுக்கலோடு நின்றது.

பெண்கள் பஸ்ஸுக்கு முன்னால், எட்டித் தொடும் தூரத்தில் கடந்து போனார்கள். கடைசியாகப் போனவள் தங்களுக்காகத்தான் நிறுத்தினார் என்று நினைத்து, டிரைவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். தீர்த்தகிரி பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.

சுமலதா குனிந்து, சாவியைத் திருகி உருவி எடுத்தாள்.

இஞ்சின் அடங்கியதும் பின்னால் ஒவ்வொருவராக விழித்தார்கள். வெங்கட் எழுந்து வந்து மணியைப் பார்த்தான். ஏன் நிற்கிறது, யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டான். நான்தான் என்றாள் சுமலதா. இஞ்சின் சூடாகிவிட்டது, வண்டி இனி நகராது, பின்னால் வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி எல்லோரையும் ஏற்றிவிடுங்கள் என்றாள். அவள் பெயர் லிஸ்டில் என்ன ஆகும் என்று அவன் நினைவுபடுத்தினான். தெரியும் என்றாள்.

திட்டிக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள்.

அவள் மட்டும் இறங்கவில்லை. சாவி உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாவியை ஏன் எடுத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை.