சிவக்காத ஆரத்தி

தட்டில் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்தாள். விரலால் கலக்கினாள். சிவக்க வேண்டிய ஆரத்தி, மோர்க்குழம்பு போல வெளுத்ததே தவிர சிவக்கவில்லை.

வாசலில் மாலையோடு நின்றாள் மணப்பெண். பக்கத்தில் அவன். பதிவு அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்கள்.

உள்ளே, சமையலறை நிலையைப் பிடித்தபடி மாமியார். மகன் வேறு சாதியில் பெண் எடுக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எத்தனை ஆரத்தி கரைச்சிருக்கேன். இப்படி ஒண்ணு பார்த்ததில்ல” என்றாள் அத்தை.

எல்லோரும் வாசலில் நின்றவளைப் பார்த்தார்கள்.

மஞ்சள் தண்ணீர் சிவக்காததற்கு மணப்பெண் காரணம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதை யாரிடம் சொல்வது?

அவள் தட்டைப் பார்த்தாள். பயப்பட வேண்டிய நேரம். வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

சுண்ணாம்பு டப்பாவை எட்டிப் பார்த்தாள். மூடி இல்லை. உள்ளே காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெற்றிலை போட ஆளில்லாத வீடு. காற்று பட்டுப் பட்டு, சுண்ணாம்பு வெறும் சாக்குக்கட்டி ஆகிவிட்டது. மஞ்சளைச் சிவக்க வைக்கும் காரம் அதில் எங்கே இருக்கும்?

“ஆப்ப சோடா இருக்குமா?”

அத்தைக்கு மூச்சே நின்றுவிட்டது. அவன் அவள் கையைக் கிள்ளினான்.

யாரும் நகரவில்லை.

பிறகு சமையலறையில் டப்பாக்கள் உருளும் சத்தம். மாமியார் வந்து ஒரு பொட்டலத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பிப் போகவும் இல்லை.

அவளே குனிந்து ஒரு சிட்டிகை போட்டாள். கலக்கினாள்.

ஓரத்திலிருந்து சிவக்க ஆரம்பித்தது. குங்குமச் சிவப்பு இல்லை, செங்கல் சிவப்பு. அத்தைக்கு அது போதும். குலவையிட்டாள், சுற்றினாள், பொட்டு வைத்தாள்.

அவள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

ஆரத்தியைத் தெருவில் கொட்டப் போன அத்தையிடமிருந்து மாமியார் தட்டை வாங்கிக்கொண்டார். அவரே கொட்டிவிடுவார் என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பாலும் பழமும் முடிந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

மேடையில் வரிசையாக டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆரத்தித் தண்ணீர். பக்கத்தில் உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள். மாமியார் ஒரு டம்ளருக்குள் மூக்கை நுழைக்காத குறையாகக் குனிந்திருந்தார்.

காலடி கேட்டு நிமிர்ந்தார். மாட்டிக்கொண்ட முகம். கொஞ்சம் சிரிப்பு வேறு.

“உப்பு போட்டா சும்மா கெடக்கு. சர்க்கரை போட்டாலும் சும்மா கெடக்கு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா மட்டும் நுரைச்சு மறுபடி மஞ்சளாயிருது. அது ஏம்மா?”

அவளுக்குப் பதில் தெரியும். எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் போய் நின்றாள்.