சீனி இல்லாத வீடு

மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. பிளாரன்ஸ் குனிந்து, தூங்கிக்கொண்டிருந்த கணவனின் வாயை மோந்து பார்த்தாள்.

சாராய வாசனை இல்லை. அவள் தேடியதும் அது இல்லை. கொடியில் தொங்கிய சட்டையின் பையை உதறினாள். மக்ரூன் இனிப்பின் துகள்கூட விழவில்லை.

வளன் கண் விழித்தான். “என்னளா, போலீஸ் சோதனையா?”

“எங்க வச்சுத் திங்குதீய? சொல்லிருங்க.”

“மாதா அறிய நான் தொடல. இந்தக் கால வச்சுக்கிட்டு எந்தக் கடைக்கு நடப்பேன்?”

கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவனின் கால். போன வருஷம் சிப்பி கிழித்தது அவனுக்கு உறைக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்து வள்ளத்தில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். அந்தப் புண்ணில் பெருவிரல் போனது. இப்போது பாதம் கறுத்து வருகிறது.

சீனியைக் கண்ணில் காட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே பிளாரன்ஸ் சீனி டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கல்யாண வீட்டு லட்டு வாசலோடு திரும்பிப் போனது. ஆனாலும் கொல்லையில் அவன் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. யாரோ கொடுக்கிறார்கள்.

சாயங்காலம் டாக்டர் எபனேசர் வீட்டுக்கே வந்தார். பிளாரன்ஸ் உடன்குடியிலிருந்து வந்த ஓலைப் பெட்டியைத் திறந்து, அதில் மடித்து வைத்திருந்த கட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தாள். பழைய கட்டு அவிழ்ந்ததும் அறை முழுக்க வாடை நிறைந்தது. டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார், மறுபடியும் குத்தினார்.

வளன் கூரையைப் பார்த்தபடி கேட்டான். “ஆரம்பிக்கலியா டாக்டர்?”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். ஸ்பிரிட் விளக்கில் நீல மருந்தோடு அவன் சிறுநீரைக் காய்ச்சினார். சர்க்கரை மிகுந்து அது செங்கல் நிறத்துக்கு மாறியது. கை கழுவும் சாக்கில் அடுப்படிக்கு வந்தார்.

“மாத்திரை ஒழுங்கா குடுக்கியாம்மா?”

“வேளை தவறாம.”

“அப்போ யாரோ இனிப்புக் குடுக்காங்க. கால் முழங்காலோட போயிரும். அதோட நிக்காது, அடுத்து கண்ணு, கிட்னி. அது யாருன்னு முதல்ல கண்டுபிடி.”

“கண்டுபிடிச்சேன்னா, அவ இந்த வாசப்படி மிதிக்க முடியாது டாக்டர்.”

உள்ளேயிருந்து வளன் தாகம் என்று கூப்பிட்டான். பிளாரன்ஸ் அடுப்பிலிருந்த கடுங்காப்பியை வடிகட்டி அவனுக்கு ஒரு செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூச்சு விடாமல் குடித்தான். வெறும் செம்பை நீட்டி இன்னும் கேட்டான்.

அவள் திரும்பி வந்து டாக்டருக்கு ஒரு டம்ளரில் ஊற்றினாள். டம்ளரை அவர் முன்னால் நீட்டினாள்.

“நீங்களே குடிச்சுப் பாருங்க டாக்டர். ஒரு பொட்டுச் சீனி கிடையாது. அவுகளுக்கு நாள் பூரா இதான், வெறும் கருப்பட்டி.”