ஒரு கன்னம் பாக்கி

“புஸ்தகத்தைக் கொஞ்சம் மூடி வைங்க சார், சோப்பு பட்டுப் பாழாயிடும்” என்றார் சலூன்காரர்.

“ஐயோ, இப்பவா? கடைசி அத்தியாயம்ங்க! கொலைகாரன் யாருன்னு இப்பத்தான் சொல்லப்போறாங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் படிக்கிறேன்” என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்தவர். வெளியூர்க்காரர், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் முகத்தைச் சீராக்கிக்கொள்ள வந்திருந்தார்.

சலூன்காரர் அவசர அவசரமாக நுரையைக் கலக்கத் தொடங்கினார்.

காரணம் இருந்தது. ‘தெருவுக்கொரு பிணம்’ என்ற அந்த நாவலில், ஒரு சின்ன ஊரில் வரிசையாகக் கொலை விழும். செய்கிறவன் யார் என்று மூச்சுக் காட்டாமல் கொண்டுபோய், கடைசிப் பக்கத்தில் அந்த ஊர் சலூன்காரன்தான் என்று போட்டு உடைத்திருந்தது. எழுதியவருக்கு இது முதல் நாவல். அட்டையில் ஏதோ ஒரு புனைபெயர் மட்டும்தான், படமோ விலாசமோ கிடையாது. ஆனால் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. இந்த ஊரிலும் அதைப் படிக்காத ஆள் இல்லை.

படித்த கையோடு பாதி ஊர் தாடி வளர்க்கத் தொடங்கியது. மீதி ஊர் வீட்டிலேயே சவரம் செய்து, கன்னத்தைக் கீறிக்கொண்டு பிளாஸ்திரியோடு திரிந்தது. வாராவாரம் தவறாமல் வரும் தலைமையாசிரியர்கூட, “இப்பல்லாம் தாடிதானே ஃபேஷன்” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாகவே நடையைக் கட்டினார். கடையில் ஓட்டுவதற்கு ஒரு ஈகூட வரவில்லை.

இந்த நிலைமையில், பல நாள் கழித்து வந்து மாட்டிய ஒரே முகம் இது. இவர் மழமழவென்ற முகத்தோடு கடைத்தெருவில் உயிரோடு நடந்து போனால் போதும். பார்க்கிறவர்களுக்குப் பயம் தெளியும், கடை பிழைத்துக்கொள்ளும். ஆனால் பாழாய்ப்போன அந்தப் புத்தகத்தையல்லவா கையில் வைத்திருக்கிறார்! அவர் கடைசிப் பக்கத்தை எட்டுவதற்குள் சவரத்தை முடித்தாக வேண்டும்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் தொங்கிய திரையை விலக்கி மனைவி எட்டிப் பார்த்தாள். புத்தகத்தைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. “சீக்கிரம், சீக்கிரம்” என்று கையாலேயே ஜாடை காட்டினாள்.

சலூன்காரர் மளமளவென்று நுரை தடவினார். வலது கன்னத்தில் கத்தி ஓடியது. பேச்சுக் கொடுத்தால் பக்கம் நகராது என்று நினைத்து, “கதை எப்படி சார் இருக்கு?” என்றார்.

“பிரமாதம்! அந்தத் தண்ணித் தொட்டிக் கொலை இருக்கே, அதைப் படிச்சதிலேர்ந்து குழாயைத் திறக்கவே பயமா இருக்கு.”

கத்தி ஒரு கணம் நின்றது. “அப்படியா சார்? நிஜமாவா?”

“நிஜமாத்தான். ஆனா, நடுவுல அந்தக் காதல் சமாச்சாரம் ஒரே இழுவை.”

“இழுவையா? எந்த இடம் சார்?”

“ஆத்துப் பாலத்துல நின்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்களே, பக்கம் பக்கமா! யாராவது வந்து அவங்களையும் கொன்னா தேவலைன்னு ஆயிடுச்சு.”

திரைக்குப் பின்னால் மனைவி களுக்கென்று சிரித்தாள். சலூன்காரர் வலது கன்னத்தை முடித்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

“ஸ்ஸ்... மெதுவாங்க!”

“மன்னிச்சுக்குங்க சார்.”

பிரதிநிதி பக்கத்தைப் புரட்டினார். இன்னும் ஒரே தாள்தான் மிச்சம். சலூன்காரருக்கு வேர்த்துவிட்டது. வேறு வழி தெரியாமல், “எதுக்கு சார் கண்ணைக் கெடுத்துக்கறீங்க? நானே சொல்லிடறேன். போஸ்ட்மாஸ்டர்தான் கொலைகாரன்” என்றார்.

“என்னங்க நீங்க, போஸ்ட்மாஸ்டரைத்தான் போன அத்தியாயத்துலயே கொன்னுட்டாங்களே! நீங்க சரியாப் படிக்கலை போலிருக்கு.”

“ஞாபகப் பிசகு சார்” என்று அசடு வழிந்தபடி சலூன்காரர் புது பிளேடு மாட்டினார். “தலையை நல்லாச் சாய்ங்க. இந்தக் கன்னமும் கழுத்தும்தான் பாக்கி.”

பிரதிநிதி புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, வாய்விட்டே படிக்கத் தொடங்கினார். “முகத்தில் நுரையோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவருக்குக் கடைசிவரை தெரியவில்லை, தன் பின்னால் நிற்பது...”

சட்டென்று குரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அவர் மெல்லக் கண்ணை உயர்த்தி எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் நுரையோடு அவர் முகம். அதற்குப் பின்னால் கத்தியோடு சலூன்காரர்.

“கழுத்தைக் கொஞ்சம் தூக்குங்க சார்.”

“ஐயோ, அம்மா!”

அலறி முடிப்பதற்குள் அவர் தெருவில் இருந்தார். ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் நுரையோடும், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பறக்க, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

மனைவி திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “போச்சா? வந்த ஒரே ஆளும் போச்சா? இனிமே இந்தப் பக்கம் யாரு எட்டிப் பார்ப்பாங்க?”

வாசலில் நின்றிருந்த சலூன்காரர் திரும்பினார். அவர் முகமெல்லாம் ஒரே பூரிப்பு. “கடைசி வரியைப் படிச்சதும் எப்படி எகிறினார் பார்த்தியா?”

“பார்த்தேன், பார்த்தேன்!” மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “நீங்க எழுதற அடுத்த நாவல்லயாவது கொலைகாரனை ஒரு தையல்காரனா எழுதித் தொலைங்க!”